முதுமையில் ஆஃபியத்து

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சிறிய தந்தையார் ஹழ்ரத் அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒரு நாள் வந்து, அல்லாஹ்விடம் தாம் கேட்க வேண்டியது எது என்று கற்றுத் தரும்படி வேண்டினார்கள். ஆஃபியத்தைக் கேளுங்கள் என்று பதில் கிடைத்தது. சில நாட்கள் கழித்து மீண்டும் வந்து அதையே வேண்டினார்கள். பதில் மாறவில்லை. இம்மையிலும் மறுமையிலும் ஆஃபியத்தைக் கேளுங்கள் என்றே மீண்டும் சொல்லப்பட்டது. திர்மிதீ ஷரீபில் இச்செய்தி வருகிறது.

ஆஃபியத்து நமக்குப் புதிய சொல் அல்ல. கடிதம் எழுதிய காலத்தில் முதல் வரியிலேயே இங்கு அனைவரும் ஆஃபியத்து, உங்கள் ஆஃபியத்துக்கு துஆச் செய்கிறோம் என்று எழுதினோம். உடல் நலம், மன நிம்மதி, இழிவும் துன்பமும் அணுகாத பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் போய், உங்களுக்கு ஆஃபியத்து என்றால் எது என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. சென்ற ஆண்டு எங்கள் காஞ்சிபுரத்தில் முதியோரைப் பற்றி ஒரு ஜும்ஆ பயானுக்குத் தயாரானபோதுதான் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் கேட்டது எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம். நாற்பது வருடம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். கொதிக்கும் தொட்டியின் முன்னே நின்று, கோலில் தொங்கும் நூலைப் புரட்டிப் புரட்டித் தோள்பட்டை தேய்ந்து போனவர். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்தப் பளபளப்பு என்று இன்றும் பெருமை பேசுவார். சர்க்கரை இருக்கிறது, இரத்த அழுத்தம் இருக்கிறது, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. "சுகமா இருக்கீங்களா பாய்?" என்றேன். "சுபுஹுக்கு என் கால்லே நடந்து வர்றேன் ஹஜ்ரத். இதுக்கு மேல என்ன சுகம்?" என்றார்.

பள்ளிவாசலுக்கு அடுத்த தெரு நெசவாளர் தெரு. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே எழுபத்தைந்து வயதான முதலியார் ஒருவர் இன்னும் தறியில் உட்காருகிறார். அவரிடமும் கேட்டேன். "யாரும் கை கொடுக்காம தறிக்குழியிலே எறங்கி ஏர்றேன் சாமி. அது என்னிக்கு நிக்குதோ அன்னிக்குத்தான் நான் கெழவன்" என்றார். மார்க்கம் வேறு. எண்ணம் ஒன்று.

பெண்களிடம் நான் நேரடியாகக் கேட்க முடியாது. என் மனைவியும் தாயாரும் கேட்டு வந்து சொன்னார்கள். ஆண்கள் வெளியே போய் வருவதைக் கொண்டு சுகத்தை அளக்கிறார்கள். பள்ளிக்கு நடப்பது, டீக்கடை வரை போவது, பேங்கில் தானே கையெழுத்துப் போடுவது. பெண்கள் வீட்டு வேலையைக் கொண்டு அளக்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்கக் கண் தெரிகிறதா, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட முடிகிறதா, தன் துணியைத் தானே துவைக்க முடிகிறதா என்பதே அவர்கள் கணக்கு. வேலை நின்றால்தான் நோய்; அதுவரை வலி வெறும் வலிதான். ஆணோ பெண்ணோ, எல்லோரும் முடிவில் சொன்ன வார்த்தை ஒன்று: "யார் கையிலேயும் விழாம அல்லாஹ் கொண்டு போயிடணும்."

பிள்ளைகளின் அளவு வேறு. மாதம் ஒரு முறை இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எண்தான் அவர்களுக்கு அத்தாவின் சுகம். எண் சரியாக இருந்தால் அத்தா சுகம்.

இதில் பெரியவர்களின் பார்வையே சரியானதற்கு மிக நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2015ல் முதுமையும் ஆரோக்கியமும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயே இல்லாமல் இருப்பதை அது ஆரோக்கியமான முதுமை என்று சொல்லவில்லை. ஒருவர் தமக்கு மதிப்புள்ள காரியங்களைச் செய்து வாழும் திறனை வளர்ப்பதும் காப்பதுமே அது என்று விளக்கியது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஐக்கிய நாடுகள் சபை ஆரோக்கியமான முதுமைக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. சாயப்பட்டறைப் பெரியவர் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் சொன்னார்.

ஆனால் அவர்களிடம் ஒரு பிழை உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. எந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் தவிக்கிறார்களோ, அதைக் கெடுக்கும் நோயை வெட்கத்தால் மூடி மறைக்கிறார்கள். பெண்களே அதிகம் மறைக்கிறார்கள். மறைப்பதற்கு அவர்கள் போடும் போர்வை "வயசானா அப்படித்தான்" என்ற ஒரு வார்த்தை.

இதை நான் என் வீட்டிலேயே கற்றேன்.

என் நன்னிக்கு, அதாவது தாயைப் பெற்றவருக்கு, வயது எழுபத்தெட்டு. குடும்பத்தில் எல்லோரும் அவரை எடுத்துக்காட்டாகப் பேசுவோம். அசருக்கு ஒளூச் செய்தால் அதே ஒளூவோடு மஃரிபும் இஷாவும் தொழுதுவிட்டுத்தான் முஸல்லாவைச் சுருட்டுவார். "உங்க நன்னியோட உடம்பு இரும்பு" என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு நாங்களும் மகிழ்ந்திருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் அக்னி நட்சத்திர வெயிலில், லுஹர் தொழுதுவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. உடம்பில் நீரே இல்லை, சிறுநீரில் கிருமித் தொற்றும் இருக்கிறது என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்க மாட்டார்களா என்று அவர் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மெல்லப் பேசிக் காரணத்தை அறிந்தார். மூன்று வருடமாகச் சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. முதலில் இருமும்போது மட்டும் கசிந்தது. பிறகு சொட்டிக்கொண்டே இருந்தது. ஒளூ நிற்காதே, துணி நஜீஸாகி விடுமே என்ற அச்சத்தில் காலையில் ஒரு டம்ளர் டீயோடு நிறுத்திக்கொண்டார். தொண்டை வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவார். அப்படியும் நிற்காத நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொழாமலே அழுதுகொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் புகழ்ந்த அந்த ஒரே ஒளூவின் இரகசியம் தாகம்.

"ஏன் நன்னி என்கிட்ட சொல்லலே?" என்றேன். "நீ ஹஜ்ரத்து. உன்கிட்ட இதையா கண்ணு சொல்வேன்?" என்றார்.

வாசகர்களே, எனக்கு அன்று ஏற்பட்ட வெட்கம் அவருடைய வெட்கத்தைவிடப் பெரிது. மதரஸாவில் தஹாரத்துப் பாடத்தில் மஃதூருடைய சட்டத்தை நான் ஓதியிருக்கிறேன். பிறகு மாணவர்களுக்கு ஓதியும் கொடுத்திருக்கிறேன். கிதாபில் இருந்ததை என் வீட்டு நடைக்குக் கொண்டு வரவில்லை. மூன்று வருடம் ஒரு மூதாட்டி தாகத்தோடு கிடந்தார். அதற்கான பதில் என் அலமாரியில் இருந்தது.

ஆகவே அந்தச் சட்டத்தை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். ஆண்களுக்கும் இது பொருந்தும். வயதான ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி வீங்குவதால் இதே தொல்லை வருவதுண்டு.

இதன் அடிப்படை புகாரீ ஷரீபில் உள்ள ஒரு நிகழ்ச்சி. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் ரலியல்லாஹு அன்ஹா அவர்களுக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தொழுகையை விட்டுவிடலாமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, நரம்பிலிருந்து வருவது என்று விளக்கப்பட்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளூச் செய்து தொழும்படி கட்டளை கிடைத்தது. நிற்காத சிறுநீருக்கும் இமாம்கள் இதே முறையைச் சொன்னார்கள்.

ஹனபீ மத்ஹபில், ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் ஒளூச் செய்து அந்த பர்ளை மட்டும் தொழுது முடிக்கும் அளவு இடைவெளிகூடக் கிடைக்காமல் கசிந்துகொண்டிருந்தால் அவர் மஃதூர், அதாவது காரணமுடையவர். அதன்பின் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒரு முறையாவது கசியும் வரை அவருக்கு அந்தச் சட்டம் நீடிக்கும். நேரம் வந்ததும் ஒரு முறை ஒளூச் செய்தால், அந்த நேரம் முடியும் வரை எத்தனை பர்ளும் ஸுன்னத்தும் நஃபிலும் தொழலாம். கசிவதால் ஒளூ முறியாது. வேறு காரணத்தால் முறியலாம். நேரம் வெளியேறினால் புதிய ஒளூ வேண்டும். ஷாபிஈ மத்ஹபில், நேரம் வந்த பின் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, ஒளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் தனி ஒளூ. நஃபில்கள் எத்தனை வேண்டுமானாலும் அதிலேயே தொழலாம்.

இருமும்போதோ தும்மும்போதோ மட்டும் கசிந்து, மற்ற நேரம் நின்றிருந்தால் அவர் மஃதூர் அல்ல. கழுவிவிட்டு ஒளூவைப் புதுப்பிக்க வேண்டியதுதான். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். தம் நிலை எதில் சேரும் என்று ஐயமிருந்தால் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்கட்டும். பெண்கள் அவருடைய மனைவி மூலம் கேட்கட்டும். அன்ஸாரிப் பெண்களை ஹழ்ரத் ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் புகழ்ந்தது எதற்காக? மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்பதற்காக.

வெட்கப்படும் பெரியவர்களுக்கு ஸஹாபாக்களில் ஒருவரை நினைவூட்டுகிறேன். ஹழ்ரத் ஜைத் பின் ஸாபித் ரலியல்லாஹு அன்ஹு, வஹீயை எழுதியவர். குர்ஆன் ஷரீபை ஒன்று திரட்டும் பொறுப்பை ஹழ்ரத் அபூபக்கர் ஸித்தீக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒப்படைத்தது இவரிடம். அவருக்கு முதுமையில் சிறுநீர் நிற்காத நோய் வந்தது. முடிந்த மட்டும் அதைச் சமாளித்து வந்தார், மீறிப் போனபோது ஒளூச் செய்து தொழுதார் என்று அவருடைய மகனார் காரிஜா அறிவிக்கிறார். தந்தையின் இந்நிலையைச் சொல்ல மகன் கூசவில்லை. கேட்டவர்கள் சட்டமாக எழுதி வைத்தார்கள்.

முடிந்த மட்டும் சமாளித்தார் என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். சலுகை கிடைத்துவிட்டது என்று மருத்துவத்தை விட்டுவிடுவதற்கில்லை. மருந்து செய்துகொள்ளுங்கள், அல்லாஹ் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்ற கருத்துள்ள ஹதீஸை உஸாமா பின் ஷரீக் ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கிறார்கள். முதுமைக்கு மருந்தில்லை என்ற பாதியை நம்மவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதுமையில் வருவதெல்லாம் முதுமை அல்ல. கண் புரை முதுமை அல்ல, எடுத்துவிடலாம். காது மந்தத்துக்குக் கருவி இருக்கிறது. சிறுநீர்க் கசிவும் அப்படியே. அடிவயிற்றின் கீழுள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை வயதான பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனமே 2017ன் வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில், தஸ்பீஹ் கையில் இருக்கும்போதே செய்யலாம். தண்ணீரைக் குறைப்பது உதவாது. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தி அவசரத்தை இன்னும் கூட்டும்.

நன்னி அந்தப் பயிற்சியைச் செய்தார். கிருமிக்கு மருந்தும் சாப்பிட்டார். சில மாதங்களில் இடைவெளி கிடைக்கத் தொடங்கியது. தொழுது முடிக்கும் அளவு நின்றுவிடுகிறது என்று அவரே வந்து சொன்னபோது, "இனிமே உங்களுக்கு மஃதூர் சட்டம் இல்லை நன்னி, எல்லாரையும் போலத்தான்" என்றேன். ஒரு சலுகை போனதற்கு ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நோன்பிலும் இதே மறைப்பு நடக்கிறது. மாத்திரை போட்டால் நோன்பு வைக்க விடமாட்டார்கள் என்று சர்க்கரை மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டு நோன்பிருக்கும் தாய்மார்கள் உண்டு. இன்ஸுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் அளவை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பில் வியர்த்துக் கை நடுங்கித் தலை சுற்றினால் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும். விரலில் ஊசி குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். குணமாகும் நோய்க்கு விட்டால் பின்னால் களாச் செய்ய வேண்டும். இனி வைக்கவே இயலாத முதுமையும் தீரா நோயும் உள்ளவர்களுக்கு ஃபித்யா: ஷாபிஈயில் நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி, ஹனபீயில் ஒரு ஃபித்ரா அளவு. ஹழ்ரத் அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் முதுமையில் நோன்பு வைக்க முடியாமல் போனபோது ஏழைகளுக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். அதை யாரும் குறைவாகக் கருதவில்லை.

நாற்காலியைப் பற்றிச் சிறிது. நின்றும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி இம்ரான் பின் ஹுஸைன் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்குக் காட்டித் தரப்பட்டது. ஷாபிஈயில், ஸுஜூது செய்ய முடியாவிட்டாலும் நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும். ஹனபீயில் ஸுஜூது இயலாதவருக்கு நிற்பதும் கட்டாயமாவதில்லை. சிறு வலிக்கெல்லாம் நாற்காலி தேடும் நடுவயதினருக்கு நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஆனால் நாற்காலியில் உட்கார வெட்கப்பட்டு ஜமாஅத்தையே விட்டுவிடும் பெரியவர்களைத் தேடிப் போய் அழைத்து வருவேன். சாயப்பட்டறைப் பெரியவர் ஒரு சமயம் இரண்டு வாரம் வரவில்லை. விசாரித்தால், சுபுஹில் நான் ஓதிய நீண்ட ஸூராக்களில் கால் மரத்துப்போய் ஒரு நாள் விழப் பார்த்தாராம். நோயாளியும் பலவீனரும் முதியவரும் பின்னால் நிற்பதால் தொழுகையை இலேசாக்கும்படி இமாம்களுக்குச் சொல்லப்பட்ட ஹதீஸ் எனக்கு மனப்பாடம். என் குரலினிமையில் நானே மயங்கி நின்ற நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது ஸூரா குறைந்திருக்கிறது, அவர் வருகிறார். ஹவுளின் படியில் பிடித்து இறங்க ஒரு கம்பியும், ஒளூவுக்கு நான்கு உயரமான திண்டும் ஜமாஅத்தார் போட்டுக் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 2021ல் 13.6 சதவீதம் என்பது அரசுக் குழுவின் கணிப்பு. நம் பள்ளிகளில் முதல் ஸஃப்பைப் பார்த்தாலே கணக்கு விளங்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வரும், படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021ல் தொடங்கியது. வீட்டுப் படியேறி வரும் அந்தப் பெண் ஊழியர்களிடம் நம் தாய்மார்கள் தங்கள் தொல்லையைச் சொல்லலாம். ஆணிடம் சொல்லும் கூச்சம் இல்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று நன்னியிடம் அனுமதி கேட்டேன். சற்று யோசித்தார். "எழுது. பேரு மட்டும் போடாதே" என்றார். முஸல்லாவின் பக்கத்தில் இப்போது அவர் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்கிறார்.

பயானுக்கு மறு வாரம் பெண்களுக்கென்று எங்கள் வீட்டிலேயே ஒரு மஜ்லிஸ் வைத்தோம். பெயரில்லாமல் சீட்டில் எழுதிக் கேட்கலாம் என்று என் மனைவி சொல்லியிருந்தார். பன்னிரண்டு சீட்டுகள் வந்தன. அதில் ஏழு, நன்னியின் கேள்வி. எழுதத் தெரியாத ஒரு மூதாட்டி பேத்தியிடம்கூடச் சொல்லாமல் வெறும் சீட்டை மடித்துப் போட்டிருந்தார். அது யாருடையது என்று என் மனைவிக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு மறுநாள் போய் வந்தார்.